வாசனை இருக்கிறது, கொசுவும் கடிக்கிறது

கூண்டுக்குள் கையை விட்டு மூன்று நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். உள்ளே 200 முதல் 250 கொசுக்கள். எல்லாம் பெண் கொசுக்கள், கடிப்பது அவைதானே. பசி ஏற வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு வைத்த சர்க்கரைத் தண்ணீரையும் முன்கூட்டியே எடுத்துவிடுவோம். கையை விடுகிறவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விரட்டியைத் தடவியிருப்பார். விரல்களுக்கு ரப்பர் உறை. அரை மணிக்கு ஒரு முறை இதையே செய்து, முதல் கடி எப்போது விழுகிறது என்று குறித்துக்கொள்வோம். ஆய்வகத்திலேயே முட்டையிலிருந்து வளர்த்த, நோய்க்கிருமி இல்லாத கொசுக்கள் என்பதால் அரிப்பைத் தவிர வேறு பயமில்லை. தாவரங்களிலிருந்து கொசு விரட்டி செய்யும் என் வேலையில் பெரும்பகுதி இந்தக் கூண்டின் முன்னால்தான் கழிகிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே முகபாவத்தைப் பார்த்திருக்கிறேன். வாசனைப் புல்லிலிருந்து எடுத்த எண்ணெய் தடவிய கையை முதல் முறை உள்ளே விட்டதும் ஒரு கொசுகூட உட்காராது. "அவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆராய்ச்சி?" என்று சிரிப்பார்கள். அடுத்த முறை, அல்லது அதற்கடுத்த முறை, சுரீர் என்று ஒரு கடி. உடனே கையை முகர்ந்து பார்ப்பார்கள். "வாசனை அப்படியே இருக்கிறதே!"

வாசனை இருக்கத்தான் செய்யும். நம் மூக்குக்கு எட்ட மிகச் சிறிய அளவு போதும். கொசுவைத் தடுக்க அது போதாது. நம் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு, தோலின் லாக்டிக் அமிலம், உடம்புச் சூடு, ஈரம் என்று பல தடயங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் கொசு நம்மிடம் வருகிறது. அத்தனையையும் குழப்பும் அளவுக்கு விரட்டியின் ஆவி தோலுக்கு மேலே நிற்க வேண்டும்.

தாவர எண்ணெயின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில் ஒன்றுதான். ஆவியானால்தான் அது வேலை செய்யும். சீக்கிரம் ஆவியானால் தீர்ந்துபோகும். 2002-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் டீட் என்ற செயற்கை விரட்டி 23.8 சதவீதம் இருந்த பூச்சு சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெய் சேர்த்த பூச்சுகள் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. மணிக்கட்டில் கட்டும் விரட்டிப் பட்டைகள் ஒரு நிமிடம்கூடக் காக்கவில்லை. தடவியது இருபது நிமிடத்துக்கு. நம்பியது மாலை முழுக்க. நான் கவலைப்படுவது இந்த இடைவெளியைப் பற்றித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மலேரியாவால் மட்டும் 5,97,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

அதற்காகத் தாவரங்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்துடையது. அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரோனெல்லால் என்ற வாசனைப் பொருள். மூக்கைத் துளைக்கும் மணம், குறைந்த ஆயுள். ஆனால் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கழிவு அந்த எண்ணெயைவிட நன்றாகக் கொசுவை விரட்டுவதைச் சீனாவில் கவனித்தார்கள். அதிலிருந்த பொருளை இன்று சுருக்கமாக பிஎம்டி என்கிறோம். இலை முதிரும்போது சிட்ரோனெல்லாலே மெல்ல இப்படி மாறுகிறது. அமிலம் சேர்த்து ஆலையிலும் மாற்றலாம். மூலக்கூறில் இரண்டு ஹைட்ராக்ஸில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த பகுதிகள்) வந்துவிடுவதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆவியாகும். வாசனையும் அடங்கிவிடும். 2005-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டீட்டோடு சேர்த்துப் பரிந்துரைத்த விரட்டிகளில் இதுவும் ஒன்று.

பலர் ஏமாறுவதும் இந்த மரத்தின் பெயரில்தான். 'எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்' என்று குப்பியில் இருந்தால் அது வெறும் வாசனை எண்ணெயாக இருக்கலாம். அதில் பிஎம்டி மிகக் குறைவு. சோதனையில் தேறியது பிஎம்டி செறிவூட்டிய சாறு. மரம் ஒன்று, சரக்கு வேறு.

இதே பாடத்தை எண்ணெய் வாங்கும்போதும் படித்தேன். ஒரு பருவத்தில் வந்த எண்ணெய் கூண்டில் அருமையாக நின்றது. அதே இடத்திலிருந்து அடுத்த பருவத்தில் வந்ததோ சீக்கிரமே தோற்றது. எண்ணெயில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பாய்வில் போட்டுப் பார்த்தால் இரண்டும் இரண்டு எண்ணெய் மாதிரி இருந்தன. மண், அறுவடைக் காலம், இலையின் வயது என்று எல்லாமே கலவையை மாற்றும். அன்றிலிருந்து, 'இந்தச் செடி கொசுவை விரட்டும்' என்று யாராவது சொன்னால், அதில் எந்தப் பொருள், எத்தனை சதவீதம் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. எந்தக் கொசுவை என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். பகலில் கடிக்கும் ஏடிஸிடம் தேறியது இரவில் வரும் அனாபிலிஸிடம் தோற்பதுண்டு.

புதிய பெயர்களும் வருகின்றன. திராட்சைப்பழமல்ல, கிரேப்ஃப்ரூட் என்ற பெரிய கிச்சிலிப் பழத்தின் தோலில் உள்ள நூட்கட்டோன் என்ற பொருளுக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. பூனைகளைக் கிறங்க வைக்கும் கேட்னிப் செடியின் நெப்பட்டாலாக்டோன், கொசுவின் உடலில் எரிச்சலை உணரும் ஏற்பியைத் தூண்டித்தான் விரட்டுகிறது என்று 2021-ல் தெரியவந்தது. பிகாரிடின் என்ற விரட்டி முழுக்கச் செயற்கைதான் என்றாலும் மிளகின் காரப் பொருளான பைப்பரினைப் பார்த்து வடிவமைத்தது என்பதால் அதையும் பாதி உறவாக வைத்துக்கொள்கிறேன்.

'இயற்கைதானே' என்று சிலர் வீட்டில் எண்ணெயை நீர்க்காமல் அப்படியே தடவுகிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பதறும். பெர்கமோட் என்ற கிச்சிலி வகைப் பழத்தின் எண்ணெய் தடவி வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகலாம். கிச்சிலி வகைத் தோல் எண்ணெய்களில் உள்ள லிமோனின், குப்பியைத் திறந்து நாளானால், காற்றோடு சேர்ந்து ஒவ்வாமை தரும் பொருளாக மாறும். கற்பூரத்தையோ யூகலிப்டஸ் எண்ணெயையோ குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். பிஎம்டியைக்கூட மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம் என்றே சொல்கிறார்கள். சிறு குழந்தைக்குக் கொசு வலைதான் என் முதல் பதில்.

இப்போதைக்கு எங்கள் முயற்சி, ஆவியை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதில் இருக்கிறது. எண்ணெயை நுண்குமிழ்களுக்குள் அடைக்கிறோம். ஆனால் அவை கஞ்சத்தனமாகத் திறந்தால் கொசுவுக்கு உறைக்காது. வெனிலாவின் மணப் பொருளான வெனிலின் சேர்த்தால் ஆயுள் கூடும். சென்ற மாதம் அப்படி ஒரு களிம்பு முந்தையதைவிட நன்றாகவே தாங்கியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கையைக் கொடுத்தவர் மட்டும், சோதனை முடிந்தது என்று சொன்ன அடுத்த நொடி எழுந்து ஓடி, பிசுபிசுப்பு போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவினார். குறிப்பேட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.