விண்கல்லில் அமினோ அமிலம்: கல்லில் இருந்ததா, கையிலிருந்து வந்ததா?

"விண்கல்லில் உயிர் கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்ற ஆரம்பித்ததும், "உண்மையா சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கு முதலில் எழுவது வேறு கேள்வி: அந்தக் கல்லை யார், எப்படித் தொட்டார்கள்?

நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைத் தெளித்த வடிதாளைச் சூடுகாட்டினால், புரதங்களின் அடிப்படை அலகான அமினோ அமிலம் இருக்கும் இடம் ஊதாவாகும். அந்தத் தாளை வெறுங்கையால் பிடித்திருந்தால் பெருவிரல் ரேகை வரிவரியாக எழுந்து நிற்கும். நம் வியர்வையில் செரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள் எல்லாம் தாராளமாக இருக்கின்றன. விரல் பட்டாலே எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்று 1965-இல் அளந்து பார்த்தார்கள். அதற்கு முன் சில விண்கற்களில் கிடைத்ததாகச் சொன்ன அமினோ அமிலப் பட்டியல், கைரேகையின் பட்டியலோடு ஒத்துப்போனது. அந்தத் துறைக்கே அது பெரிய அடி.

இந்தச் சூழலில்தான் சிரில் பொன்னம்பெரும வேலை செய்தார். 1923-இல் இலங்கையின் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-இல் வாங்கிய முதல் பட்டம் தத்துவத்தில். அப்புறம்தான் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் வேதியியல். 1962-இல் பெர்க்லியில் மெல்வின் கால்வினிடம் முனைவர் பட்டம் பெற்று, நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போனார். உயிர் எப்படித் தோன்றியது என்ற தத்துவக் கேள்வியைச் சோதனைக் குழாய்க்குக் கொண்டுவந்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. ஆதிபூமியில் இருந்திருக்கக்கூடிய சூழலில், செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. உருவாக முடியும் என்று 1963-இல் வானியலாளர் கார்ல் சேகனோடு சேர்ந்து காட்டினார்.

1969 செப்டம்பர் 28-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே ஒரு விண்கல் சிதறி விழுந்தது. கிடைத்த துண்டுகள் மட்டும் 100 கிலோவுக்கு மேல். அப்போலோ கொண்டுவந்த நிலவு மண்ணை ஆராய்வதற்காக, ஏம்ஸ் கூடத்தை ஏற்கெனவே மிகச் சுத்தமாகத் தயார்செய்திருந்தார்கள். விழுந்து அதிக நாள் ஆகாத கல், அதைத் தொடுவதற்குத் தயாரான கூடம். இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்தது பெரிய அதிர்ஷ்டம்.

பொன்னம்பெருமவும் கீத் குவென்வோல்டனும் மற்றவர்களும் 1970-இல் வெளியிட்ட முடிவில் என்னைக் கவர்வது, சந்தேகத்துக்கு அவர்கள் பதில் சொன்ன விதம். அலனின் போன்ற அமினோ அமிலங்கள், இடது கையும் வலது கையும்போல, இரண்டு வடிவில் வரும். பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடது வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விரலிலிருந்தோ பாக்டீரியாவிலிருந்தோ ஒட்டியிருந்தால் இடது வடிவம்தான் மிகுந்திருக்கும். மர்ச்சிசனில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. போதாததற்கு, நம் புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் கிடைத்தன. இத்தனையும் சேர்ந்தபோது, கையிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லாமல் போனது.

ஆனால் அவர்கள் சொன்னது "உயிர் இருந்தது" என்பதல்ல. உயிர் இல்லாமலேயே, வெறும் வேதிவினையால் விண்வெளியில் அமினோ அமிலம் உருவாகிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் இதைத்தான் தலைகீழாக்குகின்றன. அமினோ அமிலம் உயிர் அல்ல. அதிலிருந்து ஒரு செல் வரை உள்ள தூரத்தை இன்னும் யாரும் கூடத்தில் கடந்து காட்டவில்லை.

பென்னு சிறுகோளின் 121.6 கிராம் மாதிரி 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்தது. புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அங்கேயும் இடது, வலது வடிவங்கள் ஏறக்குறைய சமம்தான். ஆனால் ரியூகு சிறுகோளின் மாதிரித் துணுக்கு ஒன்றில், பூமிக்கு வந்த பிறகு நம் ஊர் நுண்ணுயிர்களே குடியேறி வளர்ந்ததாக 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் அந்த நிலை.

எனவே இப்படி ஒரு செய்தியைப் பகிரும் முன், இடது வலது விகிதம் என்ன என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். மாதிரி இல்லாமல் அதே கரைப்பானையும் கண்ணாடிச் சாமான்களையும் வைத்து வெற்றுச் சோதனை ஓட்டினார்களா என்றும் பாருங்கள். இரண்டும் செய்தியில் இல்லையென்றால் மூல ஆய்வுக் கட்டுரையில் தேடலாம். அதன் சுருக்கம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.