சருகுத் தீக்குப் பிறகு மண்ணில் மிஞ்சுவது எது?

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துத் தைலமரக் காடுகளிலும் முந்திரித் தோப்புகளிலும் கோடையில் சருகு பற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆட்டுக்குப் புதுப்புல் வேண்டுமென்று வைப்பதும் உண்டு, அணைக்காமல் எறிந்த பீடியும் உண்டு. மரம் கருகாவிட்டால் சேதமே இல்லை என்கிறோம். சேதம் சருகுக்குள் நடந்து முடிந்திருக்கும்.

மண் சூட்டை எளிதில் கடத்தாது. மேலே பல நூறு டிகிரியில் எரிந்தாலும், தீ சட்டென்று நகர்ந்துவிட்டால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் சூடு அதிகம் ஏறாது. அதனால் கரையானும் எறும்பும் தப்பும். செம்புறாங்கல் இடுக்கில் பதுங்கும் தேளும் பூரானும் பெரும்பாலும் தப்பும். சருகே வீடாகக் கொண்டவை மடியும்: மரவட்டை, கண்ணுக்குச் சிக்காத சிற்றுண்ணிகள், ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளும் நுண்ணுயிர்கள், சருகில் ஒட்டிய முட்டைகள். இலையை மக்கவைப்பதில் இந்தச் சிற்றுயிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. விழுந்த கட்டை மணிக்கணக்கில் புகைந்தால் சூடு கீழே இறங்கி எறும்புக் கூட்டையும் அழிக்கும். பைன் காடுகளில் மெத்தையாகச் சேர்ந்த ஊசியிலைச் சருகு இப்படித்தான் புகைகிறது.

எரிந்த இடத்தில் பூச்சி பெருகிவிட்டதாகச் சிலர் கணக்குக் காட்டுவார்கள். பூச்சி தானாக வந்து விழும்படி மண்ணில் புதைக்கும் டம்ளரான குழிப்பொறியை மட்டும் நம்பினால் அப்படித்தான் தெரியும். சருகில்லாத வெறுந்தரையில் எறும்பும் சிலந்தியும் தடையின்றி ஓடுவதால் அதிகம் விழுகின்றன, கூடியது நடமாட்டம்தான்.

நீங்களே கணக்கெடுக்க, பொறிக்கு 200 மில்லி டம்ளர் போதும். விளிம்பு மண்மட்டத்துக்கு மேல் துளி தூக்கியிருந்தாலும் சிற்றெறும்பு சுற்றிப் போய்விடும். டம்ளரில் கால் பங்குக்கு உப்புத் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் சிறு பூச்சி மிதந்து ஏறிவிடும். மழை விழாமல் நாட்டு ஓட்டுத் துண்டை இரண்டு விரல் உயரத்தில் வையுங்கள். பொறிக்குப் பொறி 10 மீட்டர் இடைவெளி. தோண்டிய கலக்கத்தில் முதல் நாள்களில் எறும்பு கூடுதலாக விழும்; ஒரு வாரம் மூடிவைத்துப் பிறகு திறங்கள்.

கூடவே, சருகுக்குள் வாழ்பவற்றை எண்ண, 25 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்துக்குள் இருக்கும் சருகையும் மேல்மண்ணையும் அள்ளி, வலை பொருத்திய புனலில் இட்டு, மேலே 40 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். சூட்டுக்கு விலகி இறங்குபவை அடியிலுள்ள ஸ்பிரிட் புட்டியில் விழும். பல்பை நெருக்கினால் சருகு சீக்கிரம் காய்ந்து, இறங்கும் முன்பே அவை செத்துவிடும்.

மரவட்டைக்கு இறக்கை கிடையாது. எரியாத திட்டிலிருந்து நடந்தே திரும்ப வேண்டும். ஆகவே தோப்பு முழுவதையும் ஒரே ஆண்டில் எரியவிடாதீர்கள். தீத்தடுப்புப் பாதையை மாசிக்குள் வெட்டி, கட்டைகளைச் சுற்றி ஒரு மீட்டர் சருகை விலக்குங்கள். கூட்டியதைக் குவிக்காமலும் கொளுத்தாமலும் தோப்புக்குள்ளேயே பரப்பிவிடுங்கள்.