சொல்யூஷன் பசை அல்ல, கொஞ்சம் கேளுங்கள்

மறுபடியும் ஒரு குளியலறைச் சுவரை உடைத்தாயிற்று. குடிவந்து அதிக நாள் ஆகாத வீடு. டைல்ஸுக்குப் பின்னால், கீசரிலிருந்து வரும் வெந்நீர் லைனில், பைப்பைத் திருப்பும் மூலைத் துண்டான எல்போ ஒன்று கழன்று கிடந்தது. பைப் சிபிவிசி, அதாவது வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக். ஒட்டியிருந்ததோ சாதாரண பிவிசி பைப் ஒட்டுகிற சொல்யூஷன். "சொல்யூஷன் கம்மியா தடவிட்டாங்களா சார்?" என்றார் வீட்டுக்காரர். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

அளவில் குறை இல்லை. தடவிய சொல்யூஷனே தப்பு.

சொல்யூஷனைப் பசை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பசை இரண்டு பொருளுக்கு நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். சொல்யூஷன் செய்வது வேறு. பைப்பின் வெளிப்பரப்பையும் ஃபிட்டிங்கின் உள்பரப்பையும் அது கரைத்து இளக்குகிறது. அதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகின்றன. ஆகவே, எந்தப் பிளாஸ்டிக்கோ அதைக் கரைக்கக்கூடிய சொல்யூஷன்தான் வேண்டும். சிபிவிசிக்கு அதற்கென்றே தனி டப்பா உண்டு. பிபிஆர், எச்டிபிஈ, பெக்ஸ் என்கிற வேறு வகைப் பிளாஸ்டிக் பைப்புகள் மூன்றையும் கடையில் விற்கிற எந்தச் சொல்யூஷனும் கரைக்காது. மேலே தோல் மாதிரி காயும், நகத்தால் கீறினால் உரிந்து வரும். அதன் மேல் இன்னொரு பூச்சு பூசுகிறவர்களையும் பார்த்துவிட்டேன்.

நிறையத் தடவினால் பலம் என்பதும் பொய். மிஞ்சியது பைப்புக்குள் வழிந்து தேங்கும்; சின்ன சைஸ் பைப்பில் தண்ணீர் போகும் வழியையே குறுக்கும், பைப்பின் சுவரையும் இளக்கிப் பலவீனமாக்கும். ஜெல்லி மாதிரி கெட்டியான சொல்யூஷனில் தின்னர் ஊற்றிக் கலக்காதீர்கள். தூக்கிப் போடுங்கள்.

எனவே முதலில் பைப்பின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். இணைப்பு முறையை முடிவு செய்வது அதுதான். யுபிவிசி, அதாவது சாதாரண பிவிசி பைப், குளிர்ந்த நீருக்கு மட்டும். சூடு ஏற ஏற அதன் தாங்குதிறன் சரிந்துவிடும், 60 டிகிரிக்கு மேல் அதை நம்பவே கூடாது. வெந்நீருக்குச் சிபிவிசி போடலாம், அல்லது பிபிஆர். பிபிஆரை உருக்கித்தான் இணைக்க வேண்டும். உருக்குகிற மெஷின் சுமார் 260 டிகிரியில் இருக்கணும். 20 மிமீ பைப் என்றால் 5 விநாடி சூடு, எடுத்ததும் திருகாமல் நேராகச் செருகல், பிறகு 2 நிமிடம் அசைக்காமல் விடுதல். இன்னும் நல்லா உருகட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றால் உள் துவாரம் அடைபடும். மெஷின் நுழையாத மூலையில் பிபிஆர் இணைப்பை வரைந்து வைக்கிற டிசைனர்களை என்ன சொல்வது!

பெக்ஸ் அப்படி உருகி ஒட்டாது. வளையத்தை நசுக்கியோ செருகு ஃபிட்டிங் வைத்தோ இணைக்க வேண்டும். வளைந்து கொடுப்பதால் ஜாயின்ட்டுகள் குறையும், அது பெரிய லாபம். மண்ணுக்குள் வரும் எச்டிபிஈக்கு, நட்டை முறுக்கி இறுக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங் போதும். ரப்பர் வளையத்தை நம்பி நிற்கும் எந்த ஜாயின்ட்டையும் சுவருக்குள் புதைக்காதீர்கள், கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

உலோகமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடம் அடுத்த தலைவலி. பிளாஸ்டிக்கின் உள்மரைக்குள் இரும்பு நிப்பிளை (வெளியே மரை உள்ள சின்னக் குழாய்த் துண்டு) ஸ்பேனர் போட்டு முறுக்கினால், அன்றைக்குச் சொட்டாது, பல மாதம் கழித்துக்கூட விரிசல் விடும். குழாய்க்கும் கீசருக்கும் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்கே வாங்குங்கள். டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று போதும், அதுவும் மரை முறுகும் திசையில். சிபிவிசி மரையில் எண்ணெய் கலந்த பேஸ்ட், பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

சொல்யூஷன் போட்டு ஒட்டும்போது முதலில் பைப்பை நேராக வெட்டுங்கள். பிசிரை எடுங்கள். ஈரத்தைத் துடையுங்கள், ஈரத்தின் மேல் சொல்யூஷன் பிடிக்காது. மெல்லிசாக, சீராகத் தடவி, கால் திருப்பு திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் ஃபிட்டிங் பின்னால் தள்ளும். டப்பாவில் போட்டிருக்கிற நேரம் முடிகிறவரை தண்ணீர் திறக்காதீர்கள். குளிர்காலத்திலும் பெரிய சைஸிலும் அது இன்னும் நீளும். "சாயங்காலமே மோட்டார் போடணும்" என்று பிளம்பரை நெருக்காதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

டைல்ஸ்காரர் வருவதற்கு முன்னால் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பி மட்டும். கம்ப்ரஸர் காற்றை ஏற்றி டெஸ்ட் பண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே நிறுத்துங்கள். அழுத்திய காற்றோடு பிளாஸ்டிக் பைப் உடைந்தால் சில்லுகள் பறந்து ஆளைக் காயப்படுத்தும்.