வாடகை வீட்டு வெக்கையும் கரண்ட் பில்லும்

ஃபேனை வாங்கி மாட்டுவது வீட்டுக்காரர்; அது இழுக்கும் கரண்டுக்குப் பணம் கட்டுவது குடியிருப்பவர். மட்டமான ஃபேனை மாட்டினால் வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை, நல்லதை மாட்டினால் லாபமும் இல்லை. வாடகை வீடுகளில் மின்சாரம் வீணாவது இங்கேதான் தொடங்குகிறது.

அரசு உதவியும் பெரும்பாலும் சொந்த வீட்டுக்கே போகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய, கூரையில் சூரிய மின்தகடு வைப்பதற்கான பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் தட்டட்டி (மொட்டை மாடி) உங்களுடையதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் குடித்தனக்காரர் கைக்கு வருவது, 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை ஓடிய யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். ஒரு யூனிட் கூடியதற்கு 200 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

அந்தக் கோட்டுக்குள் நிற்க முதல் வழி ஃபேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட், மூன்று ஃபேனுக்கு 120 யூனிட் மிச்சம். பழைய மோட்டாரின் சுழலும் பகுதியிலும் மின்சாரம் தூண்டப்பட்டாக வேண்டும். அதில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போகிறது. பி.எல்.டி.சி.யில் அந்த இடத்தில் நிலைக்காந்தம் இருப்பதால் அந்த இழப்பு இல்லை. மாட்டும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கட்டாயம் விலக்கிவிட வேண்டும். அது வழியாக ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு கெடக்கூடும். கழற்றிய ஃபேனைப் பரணில் வையுங்கள். காலி செய்யும்போது அதை மாட்டிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம்.

மாடி போர்ஷனில் ஃபேன் மட்டும் போதாது. திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் சித்திரை வெயிலில் காய்ந்த 5 அங்குலத் தளம், வாங்கிய சூட்டைக் கீழே இறக்க நாலைந்து மணி நேரம் எடுக்கும். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே வெக்கை தணியாது. வெள்ளையடித்த தளம் வெயிலின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். மங்கிய சிமெண்டு பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே நீற்றி, துணியில் வடித்து, கொஞ்சம் பசை கலந்து, தேய்த்துக் கழுவிய தரையில் இரண்டு கை அடிக்க வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். உச்சி வெயிலில் காய்ந்த தரையில் அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். தரையை நனைத்து, சாயங்காலம் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்து வெள்ளை மங்கிவிடும் என்பதால் மாசியில் அடிப்பதே சரி. தளம் வீட்டுக்காரருடையது, சுண்ணாம்புச் செலவு குறைவுதான், கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இரண்டு குடித்தனம் ஒரே சர்வீசில் (மின் இணைப்பில்) சப் மீட்டரோடு ஓடினால், இலவச 100 யூனிட் இருவருக்கும் சேர்த்து ஒரு தடவைதான். கூட்டுக் கணக்கு 500ஐ எளிதில் தாண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தனி சர்வீஸ் இருக்கிறதா என்று மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.