‘மிகை உண்மை’ வேண்டாம், ‘மெய்யிணை காட்சி’ போதும்

மழலையர் கல்விச் செயலிகளுக்காகப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்களில் ‘மிகை உண்மை விளையாட்டு’ என்று படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கேமராவில் தெரியும் நிஜப் பொருளின்மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டியைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள்.

இலத்தீனில் ‘ஔகெரே’ என்றால் பெருக்குதல், கூட்டுதல். போயிங் நிறுவனத்தில் விமானக் கம்பிவடங்களை அமைக்கும் பணியாளரின் கண்முன்னே வரைபடத்தைக் காட்ட முயன்ற டாம் காடெலும் டேவிட் மிசெலும் 1990களின் தொடக்கத்தில் இத்தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அகராதியில் ‘கூட்டுதல்’ என்று கண்டதும் நம்மவர்கள் ‘மிகை’யை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ‘உடம்பும் மிகை’ என்று குறள் சொல்வது வேண்டாத சுமையை. நன்னூலின் பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று. ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்ற குறளை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். அங்கே குணம், குற்றம் இரண்டில் எது அதிகம் என்பதுதான் பேச்சு. இன்றைய வழக்கிலோ மிகைநடிப்பு, மிகைப்படுத்திய செய்தி! உண்மையோடு மிகையைச் சேர்த்தால் பாதிப் பொய் என்றுதான் காதில் விழுகிறது.

நடப்பது என்ன? ஐந்து வயதுக் குழந்தை மேசையில் யானைப்பட அட்டையை வைத்து டேப்லெட்டை நீட்டுகிறது. திரையில் அட்டைமேல் யானை நிற்கிறது; அட்டையைத் திருப்பினால் யானையும் திரும்புகிறது. பிஞ்சு விரல் படத்தை மறைத்தால் யானை காணாமல் போகிறது, குழந்தை திகைக்கிறது. அதனால்தான் அட்டையில் பிடித்துக்கொள்ள அகலமான வெற்று ஓரம் விட வேண்டியிருக்கிறது. இங்கே உண்மை எதுவும் மிகவில்லை. மெய்ப்பொருளோடு ஒரு காட்சி இணைந்து நிற்கிறது. இத்துறை ஆய்வாளர் ரொனால்ட் அசூமா 1997இல் வகுத்த இலக்கணமும் இந்தப் பொருத்தத்தை வலியுறுத்துகிறது. ஆகவே ‘மெய்யிணை காட்சி’. மெய்யைப் போலிருப்பது மெய்நிகர் (விர்ச்சுவல் ரியாலிட்டி), மெய்யோடு சேர்ந்திருப்பது மெய்யிணை, குழப்பமே இல்லை.

அதே படிவத்தில் ‘குழந்தைகள் மீதான பரிசோதனை’ என்றும் இருக்கிறது. எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்? புதுத்தேரை ஓட்டிப் பார்ப்பதற்கு ‘வெள்ளோட்டம்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதில் சோதிக்கப்படுவது தேர், வடம்பிடிப்பவர்கள் அல்லர். இங்கும் சோதிக்கப்படுவது விளையாட்டுதான். சிரிப்பு முகங்களைக் காட்டி ‘பிடித்ததா?’ என்று கேட்டால் சிறு குழந்தைகள் பெரும்பாலும் மிகப் பெரிய சிரிப்பையே தொடுவார்கள் என்பதை வெள்ளோட்டம் நடத்துபவர்கள் அறிவார்கள். எனவே குழந்தையின் கையையும் கண்ணையும் கவனிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் அகராதியைத் திறக்குமுன் அந்த மேசையருகே சற்று நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.