இம்ப்ளாண்ட் ஈறைத் தொடும் இடம்

பல் போன இடத்தில் தாடை எலும்பில் திருகி வைக்கும், பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆன செயற்கை வேர்தான் இம்ப்ளாண்ட். அதை வைத்துக்கொள்ள வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எந்தக் கம்பெனி டாக்டர், எத்தனை வருஷம் வரும்?" என்றுதான். எலும்பில் திருகு பிடிக்குமா என்ற பயமும் இருக்கும். ஈறைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் சில வருடம் கழித்து ரத்தமும் சீழுமாக வருகிறவர்களுக்குத் தொல்லை பெரும்பாலும் ஈறில்தான் தொடங்கியிருக்கும்.

சொந்தப் பல்லில் ஈறின் கொலாஜன் நார்கள் வேரின் மேலுறைக்குள்ளேயே புகுந்து பிடித்திருக்கும். டைட்டானியத்துக்குள் அவை புக முடியாது. அதை ஒட்டியும் சுற்றியும்தான் ஓடும். ஈறின் மேல்தோல் செல்கள் மட்டும் நுண்ணிய பிடிகளால் உலோகத்தின் ஆக்சைடு படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள இணைப்புத் திசு இங்கே இல்லாததால், அதன் வழியாக ஈறுக்கு வரும் ரத்தமும் கிடையாது. அதனால் கிருமி உள்ளே இறங்கினால் தடுப்பு பலவீனம்.

எலும்பு செல்களுக்குச் சொரசொரப்பு பிடிக்கும். அதற்காகவே திருகுப் பகுதியை மணல் பீய்ச்சியும் அமிலத்தில் அரித்தும் சுமார் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சொரசொரப்பாக்குகிறார்கள். சிலவற்றில் எலும்பில் உள்ள தாதுவைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட் பூச்சும் உண்டு. ஈறின் மேல்தோல் செல்களோ வழுவழுப்பான பரப்பில்தான் நன்றாகப் பரவும். நார் செல்கள் மெல்லிய வரிப்பள்ளம் இருந்தால் அதன் போக்கிலேயே நீண்டு வளரும். கிருமிகளுக்கும் சொரசொரப்புதான் வசதி. அதனால் திருகையும் மேலே வைக்கும் பல்லையும் இணைத்து ஈறைக் கடந்து வரும் துண்டான அபட்மென்டை 0.2 மைக்ரோமீட்டர் அளவுக்கு மெருகேற்றுகிறார்கள். அதற்கும் கீழே மெருகேற்றினாலும் கிருமிப் படலம் பெரிதாகக் குறைவதில்லை.

தங்க நிறத்தில் வரும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, மெல்லிய ஈறு வழியே சாம்பல் நிறம் தெரியாமல் காக்கும். வெள்ளை நிறப் பீங்கான் வகையான சிர்கோனியாவில் அழுக்குப் படலம் குறைவாகப் படிவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இருந்தாலும் பூச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஆய்வகத் தட்டில் செல்கள் அழகாக வளர்வது வேறு, வாய் வேறு. வாயில் வைத்த சில நிமிடங்களிலேயே எந்தப் பூச்சின் மேலும் எச்சில் புரதம் படிந்துவிடும்; செல்லும் கிருமியும் தொடுவது அந்தப் படலத்தைத்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது எலும்பு இறங்கும்போதுதான். எலும்புக்குள் இருக்கவேண்டிய சொரசொரப்பான பகுதி ஈறுப் பக்கம் வெளிப்பட்டுவிட்டால், அதன் இடுக்குகளில் தங்கும் கிருமியை முழுதாகச் சுத்தம் செய்வது மிகவும் கடினம். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

ஈறு சிவந்து, தேய்க்கும்போது ரத்தம் வந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீக்கம் ஈறோடு நிற்கும்போது சரிசெய்துவிடலாம். எலும்பு கரைந்தபின் பழைய நிலைக்குக் கொண்டுவருவது சிரமம். ஊக்கு, குண்டூசியால் குத்தாதீர்கள். கரித்தூள், சொரசொரப்பான பல்பொடி வேண்டாம். கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட இடைப்பல் பிரஷ் வாங்குங்கள். வேறு கிளினிக்கில் பல் சுத்தம் செய்யப் போனால், இம்ப்ளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சாதாரண ஸ்டீல் கருவி டைட்டானியத்தில் கீறல் போட்டுவிடும். இம்ப்ளாண்டின் பெயரும் அளவும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.