உப்புக்காற்றில் ஒரு ஆட்டமேசை: இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஆர்கேடைக் கட்டுவது எப்படி

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ) ஆட்டத்தை வெளியிட்டபோது, அங்கே காபிக் கடைகளில் அது மேசையாகவே போடப்பட்டது. கண்ணாடிப் பலகைக்குக் கீழே திரை படுத்திருக்கும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு பிடி. ஒருவர் ஆட்டம் முடிந்து அடுத்தவர் முறை வந்ததும் படம் தலைகீழாகத் திரும்பி அவரைப் பார்க்கும். இதைத்தான் காக்டெய்ல் மேசை என்கிறார்கள். நின்று ஆடும் பெட்டியைவிட வீட்டுக்கு இதுவே பொருத்தம். ஆடாத நேரத்தில் சாதாரண மேசையாக இருக்கும், மேலே காபி டம்ளர் வைக்கலாம்.

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரையுள்ள கடற்கரையில் இதைக் கட்டுபவர்கள், வெளியூர்க்காரர்கள் போட்ட வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரைபடங்களில் பெட்டிக்குப் பின்னால் காற்றுத் துளையும் விசிறியும் இருக்கும். இங்கே அந்த விசிறிதான் மேசையைக் கொல்லும்.

மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதோடு வரும் உப்புத்தூள் சர்க்யூட் பலகையின் மேல் படிந்தால், நம் கண்ணுக்கு உலர்ந்த தூசியாகத் தெரியும். உண்மையில் அது மின்சாரம் கடத்தும் ஈரப்படலம். செம்புத் தடங்கள் பச்சை பூப்பது இதனால்தான்.

ஆகவே பெட்டியை மூடிவிட வேண்டும். சூடு என்னாகும்? கணக்குப் பார்த்துவிடலாம். மேல்தளம் 80 × 56 செ.மீ., பெட்டியின் ஆழம் 25 செ.மீ. என்றால் ஆறு பக்கமும் சேர்த்துச் சுமார் 1.6 சதுர மீட்டர். 18 மி.மீ. பிளைவுட் வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ 2.7 வாட் வெப்பம் வெளியேறும். மானிட்டர் 20 வாட், ஆட்டத்தை ஓட்டும் சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பை 5 வாட், ஆக 25 வாட். 25-ஐ 2.7 × 1.6-ஆல் வகுத்தால் சுமார் 6 டிகிரி. அறை 33 டிகிரி என்றால் உள்ளே 39. பெரும்பாலான மானிட்டர்களுக்கு 40 டிகிரி வரை அனுமதி என்பதால் இது நூலிழைதான். மானிட்டரின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்தால் சூடும் குறையும், கண்ணுக்கும் இதம். ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் உடல் முழுதும் அலுமினியமான உறை வாங்குங்கள். அதன் சிப் 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டம் இழுக்கும். கேபிள் நுழையும் துளையை ரப்பர் வளையம் போட்டு அடைத்து, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும்.

மரத்துக்கு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டவே வேண்டாம். ஓரத்தில் ஈரம் ஏறினால் ரொட்டிபோல் உப்பிவிடும், திருகு பிடிக்காது. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 18 மி.மீ. வாங்குங்கள். 8 × 4 அடியில் ஒரு பலகை தாராளமாகக் காணும். அறுத்த விளிம்புகள்தான் பலவீனம். ஃபைபர் படகு கட்டும் பட்டறைகளில் பயன்படும் அதே ரெசினை விளிம்புகளில் இரண்டு கை பூசச் சொல்லுங்கள். இந்தக் கரையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் நல்ல மருந்து அது. திருகுகள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் குளோரைடின் அரிப்பைத் தாங்கும். 304 ரகத்தில் சில மழைக்காலத்துக்குள் பழுப்புப் புள்ளி விழும்.

இனித் திரை. பழைய 19 அங்குலச் சதுரத் திரையைத் தேடி அலைவோர் உண்டு. அதைவிட 23.8 அங்குல அகலத்திரை மேல் என்பது எங்கள் கருத்து, அளவே அதைச் சொல்லும். 19 அங்குலத் திரையைச் செங்குத்தாகப் பயன்படுத்தினால் 3:4 விகிதத்தில் கிடைக்கும் படம் 282 × 376 மி.மீ. 23.8 அங்குலத்தில் 296 × 395 மி.மீ. படம் கிடைத்து, இரு முனையிலும் 66 மி.மீ. மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மூடி ஆட்ட விதிகளை ஒட்டலாம்.

வாங்கும்போது ஐபிஎஸ் திரையா என்று கேளுங்கள். மலிவான டிஎன் திரையை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் ஒன்றுபோல் இருக்காது. மேசையில் அது பக்கவாட்டில் திரும்பிக் கிடப்பதால் அந்தக் குறை ஆடுபவரின் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் இடையே வந்து விழும். இரண்டு கண்ணும் இருவேறு வெளிச்சத்தைப் பார்க்க, பத்து நிமிடத்தில் தலை கனக்கும்.

மேலே 6 மி.மீ. டஃபன்டு (கடினமாக்கிய) கண்ணாடி, 80 × 56 செ.மீ. அளவில் சுமார் 6.7 கிலோ இருக்கும். டஃபன் செய்தபின் அறுக்கவோ துளையிடவோ முடியாது, மொத்தமாக நொறுங்கிவிடும். அளவையும் மூலை வளைவையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். திரைக்கும் கண்ணாடிக்கும் 5 மி.மீ. இடைவெளி விட்டு, சுற்றிலும் ரப்பர் பட்டை கொடுங்கள். கண்ணாடி திரையை அழுத்தினால் அலை அலையாகக் கறை தெரியும். மேசையை டியூப்லைட்டுக்கு நேர்கீழே போட்டால் ஆட்டத்துக்குப் பதில் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

படம் எப்படித் திரும்புகிறது? 1980-இல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேன் ஆட்டத்தின் படம் 224 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். எந்தப் புள்ளியை எப்போது வரைவது என்று எண்ணும் எண்ணிகள் வன்பொருளில் இருக்கும். இரண்டாமவர் முறை வந்ததும் நிரல் ஒரே ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற இலக்கத்தை) மாற்றும். உடனே எண்ணிகளின் எல்லா பிட்டுகளும் எதிராகும். எட்டு பிட்டில் 5 என்பது 00000101. அதைப் புரட்டினால் 11111010, அதாவது 250. முன்னாலிருந்து 5-ஆம் இடம் பின்னாலிருந்து 5-ஆம் இடமாகிவிட்டது. கிடையிலும் நெடுக்கிலும் இப்படிச் செய்தால் படம் 180 டிகிரி திரும்பிவிடும். படத்தை நினைவகத்தில் மறுபடி வரையவே தேவையில்லை. அத்தனை குறைந்த வன்பொருளில் செய்த நேர்த்தியான வேலை அது.

பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருளில், ஆட்டத்தின் அமைப்பை மாற்றும் டிப் சுவிட்ச் பட்டியலில் கேபினெட் என்ற வரியை காக்டெய்ல் என்று மாற்றினால் இந்தத் திருப்பம் வேலை செய்யும். ஆட்டத்திலேயே அந்த வசதி இருந்தால்தான் இது நடக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஆடும் ஆட்டங்களில் படம் ஒரு பக்கம்தான் பார்க்கும். ஆட்டங்களின் உரிமை அந்தந்த நிறுவனங்களுடையது, முறைப்படி வாங்கியவற்றையே போடுங்கள்.

ஜாய்ஸ்டிக்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டையும் ஒரே திசை பார்க்கப் பொருத்திவிடுவார்கள். எதிரில் உட்காருபவருக்குப் படம் திரும்பும்போது அவருடைய 'மேல்' அவருக்கு எதிர்ப்பக்கம்தான். ஆகவே ஒவ்வொரு பிடியும் தனக்குரியவரின் நாற்காலியிலிருந்து பார்த்துப் பொருத்தப்பட வேண்டும். பேக்-மேனுக்கு நான்கு திசைத் தடுப்புத் தகடு போடுங்கள். எட்டுத் திசையாக விட்டால் மூலையில் இரண்டு சுவிட்சும் ஒன்றாக மூடி, திரும்ப வேண்டிய முனையில் திரும்பாது. பட்டன்களுக்கு 30 மி.மீ. துளை. பிளைவுட்டில் போடுவதற்கு நட்டு வைத்துத் திருகும் நீளமான வகை வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகை மெல்லிய தகட்டில்தான் நிற்கும்.

கடற்கரையில் பட்டன் முதலில் படுக்கும் காரணம் வேறு. பட்டனுக்குள் இருக்கும் மைக்ரோசுவிட்சின் வெள்ளித் தொடுமுனையில் நாளடைவில் படலம் படியும். விளக்கு சுவிட்சாக இருந்தால் பாயும் மின்னோட்டம் அந்தப் படலத்தைப் பொசுக்கிவிடும். இங்கே பட்டன் அழுத்தலைக் கணினிக்குச் சொல்லும் யுஎஸ்பி என்கோடர் பலகை அனுப்புவது 5 வோல்ட்டில் அரை மில்லியாம்பியர் போலத்தான், படலத்தை உடைக்க அதற்குத் தெம்பில்லை. விரல் அழுத்தினாலும் குண்டு பாயாது. தங்கமுலாம் பூசிய தொடுமுனை உள்ள சுவிட்சுகளைக் கேட்டு வாங்குங்கள். வயரைச் சுவிட்சில் இணைக்கும் ஸ்பேட் கனெக்டர்களை மாட்டியபின் வெளிப்புறம் வாசலின் லேசாகத் தடவலாம், சுவிட்சுக்குள் போகக் கூடாது.

கிரவுண்ட் வயரை எல்லா பட்டனுக்கும் சங்கிலியாக ஓட்டுவது வழக்கம். நடுவில் ஒன்று கழன்றால் அதற்கப்பால் உள்ளவை எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். ஒரே வரிசையில் பட்டன்கள் ஊமையானால் என்கோடரைச் சந்தேகிக்காமல், வேலை செய்யும் கடைசிப் பட்டனுக்கும் செய்யாத முதல் பட்டனுக்கும் நடுவே தேடுங்கள். சங்கிலியின் கடைசி முனையையும் கிரவுண்டுக்கே கொண்டுவந்து வளையமாக்கிவிட்டால் ஒரு இணைப்பு கழன்றாலும் ஆட்டம் நிற்காது.

மெல்லிய யுஎஸ்பி கேபிளும் தொல்லை. 28 கேஜ் கம்பி மீட்டருக்கு 0.21 ஓம், போகவர 0.42. அதில் 1.5 ஆம்பியர் ஓடினால் 0.63 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5.1 வோல்ட் 4.47 ஆகும். 4.63-க்குக் கீழே இறங்கினால் ராஸ்பெர்ரி பை திரை மூலையில் மின்னல் குறி காட்டும். தடித்த, குட்டையான கேபிள் போட்டால் அந்தக் குறி மறையும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டை ஓவர்லே முறையில், எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். எழுதும் நொடியில் மின்சாரம் போனால் கார்டு கெட்டுவிடக்கூடும். மதிப்பெண்கள் சேமிக்க வேண்டுமென்றால் சின்ன பென்டிரைவ் ஒன்று தனியாக.

உயரத்தை மட்டும் வெட்டுவதற்கு முன் அட்டையில் செய்து பாருங்கள். 45 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையின் மேற்பரப்பு சுமார் 60 செ.மீ. வரும். பிடிப்பலகையின் அடிப்பாகம் 62-க்கு மேல் இருக்க வேண்டும், ஜாய்ஸ்டிக்கின் அடிப்பெட்டிக்கு 6 செ.மீ., பலகைத் தடிப்பு 18 மி.மீ. சேர்த்தால் மேசை சுமார் 70 செ.மீ. ஆகும். பாயில் சம்மணம் போட்டு ஆடும் வீடாக இருந்தால் குட்டை மேசையே அழகு: உங்கள் முழங்கால் உயரத்தை அளந்து, அதற்கு மேல் 4 விரல் இடைவெளி விட்டுப் பிடிப்பலகையை அமையுங்கள். கால்களுக்குக் கீழே ரப்பர் குமிழ் வையுங்கள், தரை துடைக்கும் தண்ணீர் பிளைவுட்டைத் தொடாமல் இருக்கும்.